ஆந்திரேயா பிர்லோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியக் கால்பந்து என்றதும் பலருக்கும் தடுப்பாட்டம்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு காட்சி. நீண்ட முடி, சில காலம் அடர்ந்த தாடி, முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லாமல் மைதானத்தின் நடுவே பந்துக்காகக் காத்து நிற்கும் ஒரு மனிதர். பிர்லோவைப் பற்றி நண்பர்களும், அண்மையில் கால்பந்து பார்க்கத் தொடங்கிய தம்பி தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளும். அவருடைய ஆட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

பிர்லோ யார்? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இத்தாலியின் நடுக்கள வீரர். 1979 மே 19 அன்று பிறந்தவர். 1995 முதல் 2017 வரை பிரெஷா, இன்டர் மிலான், ரெஜ்ஜீனா, ஏசி மிலான், யுவென்டஸ், நியூயார்க் சிட்டி ஆகிய கிளப்புகளுக்கு ஆடினார். நாட்டுக்காக 116 போட்டிகளில் இறங்கி 13 கோல் அடித்தார். 2006 உலகக் கோப்பை, 2003 மற்றும் 2007 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கோப்பை), ஆறு சீரி ஏ (இத்தாலியின் முதல் பிரிவு லீக்) பட்டங்கள் ஆகியவை அவர் வென்றவற்றில் பெரியவை. ஆறு பட்டங்களில் இரண்டு ஏசி மிலானுடன், நான்கு யுவென்டஸுடன்.

அவர் எங்கிருந்து வந்தவர்?

வட இத்தாலியில் லொம்பார்டி வட்டாரம், பிரெஷா நகரை ஒட்டிய ஃப்ளேரோ என்ற சிற்றூர். பிரெஷா கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தார். 1995 மே 21 அன்று சீரி ஏ போட்டியில் முதன்முதலாகக் களமிறங்கியபோது அவருக்கு 16 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அந்தப் பருவத்தில் பிரெஷா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1996-97இல் அந்தப் பிரிவை வென்று மேலே வந்தபோது பிர்லோவும் அணியில் இருந்தார்.

அப்போது அவர் ஆடிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால், எதிரணிக் கோலுக்கு அருகில், பத்தாம் எண் ஆட்டக்காரர்கள் நிற்கும் இடம். இத்தாலியர்கள் இந்த ஆட்டக்காரரை ‘த்ரெக்வார்திஸ்தா’ என்பார்கள். மைதானத்தில் முக்கால் தூரம் முன்னேறி நிற்பவர் என்று பொருள். பிர்லோவின் வாழ்க்கைக் கதையே இந்த இடத்திலிருந்து அவர் பின்னால் வந்த கதைதான்.

இன்டர் மிலானில் அவர் ஏன் நிலைக்கவில்லை?

1998இல் இன்டர் அவரை வாங்கியது. சிறுவயதில் அவர் ஆதரித்த அணியும் அதுதான். ஆனால் போய்ச் சேர்ந்த நேரம் சரியில்லை. 1998-99 பருவத்தில் மட்டும் இன்டரில் நான்கு பயிற்சியாளர்கள் மாறினார்கள். அணி எட்டாம் இடத்தில் முடித்தது. பிரேசிலின் ரொனால்டோ, ராபர்ட்டோ பாஜியோ, ஜோர்காயெஃப் போன்றவர்கள் இருந்த அணியில் 19 வயதுப் பையனுக்குப் பத்தாம் எண்காரரின் இடத்தை யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு ரெஜ்ஜீனாவுக்குக் கடனாகப் போனார். இத்தாலியின் தென்கோடியில் உள்ள அந்தக் கிளப்புக்கு அதுதான் சீரி ஏ-வில் முதல் பருவம். பிர்லோ நன்றாக ஆடினார், அணியும் தப்பித்தது. 2000 கோடையில் ஸ்லோவாகியாவில் நடந்த 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையில் தலைவராக இருந்து இத்தாலியை வெல்ல வைத்தார். செக் குடியரசுக்கு எதிரான இறுதிப் போட்டி 2-1, இரண்டு கோலும் அவருடையவை. தொடரின் சிறந்த வீரர் விருதும் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் இன்டரில் அவருக்கு வழி திறக்கவில்லை. திறமை இல்லாததால் ஒதுக்கப்பட்டார் என்று சொல்பவர்கள் அந்த 2000 கோடையை மறந்துவிடுகிறார்கள். அவருக்குத் தேவைப்பட்டது மைதானத்தில் வேறு ஓர் இடம். அந்த இடம் எது என்பது அப்போது அவருக்கே தெரியாது.

அந்த இடமாற்றம் எப்படி நடந்தது?

2001 ஜனவரியில் பழைய பிரெஷாவுக்கே கடனாகத் திரும்பினார். அங்கே பயிற்சியாளர் கார்லோ மட்சோனே. பத்தாம் எண் இடத்தில் பாஜியோ. ஒரே அணியில் இருவரையும் ஆட வைக்க வேண்டும், பாஜியோவை நகர்த்தவும் முடியாது. மட்சோனே பிர்லோவைத் தடுப்பாட்ட வரிசைக்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பொதுவாக எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் முரட்டு உழைப்பாளிகள் நிற்கும் இடம் அது. மென்மையாகப் பந்தைத் தொடும் ஒருவரை அங்கே நிறுத்துவது அன்று துணிச்சலான முடிவு.

அதன் பலனை 2001 ஏப்ரல் 1 அன்று டூரின் நகரில் பார்த்தோம். யுவென்டஸுக்கு எதிரான போட்டி. தன் பாதிக்கு அருகிலிருந்து பிர்லோ ஒரு நீண்ட பந்தை அனுப்புகிறார். தடுப்பு வீரர்களைத் தாண்டி ஓடிய பாஜியோ, பின்னாலிருந்து வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குகிறார். அதே தொடுதலில் கோல்கீப்பர் வான் டெர் சாரையும் கடந்துவிடுகிறார். காலி வலைக்குள் பந்து. போட்டி 1-1 என முடிந்தது. அந்தக் கோலை எல்லோரும் பாஜியோவின் தொடுதலுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள், அது நியாயமும்கூட. நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது அதற்கு முந்தைய இரண்டு நொடிகளை. அவ்வளவு தொலைவிலிருந்து, ஓடும் மனிதனின் காலடியில் பந்து இறங்குகிறது.

அந்தக் கோடையில் ஏசி மிலான் அவரை இன்டரிடமிருந்து வாங்கியது. நவம்பரில் கார்லோ அன்செலோட்டி பயிற்சியாளராக வந்தார். மிலானிலும் பத்தாம் எண் இடத்துக்கு ருய் கோஸ்டா இருந்தார். 2002இல் ரிவால்டோவும் வந்து சேர்ந்தார். தடுப்பாட்டத்துக்கு முன்னால் என்னால் ஆட முடியும், மட்சோனேயிடம் ஆடியிருக்கிறேன் என்று பிர்லோவே அன்செலோட்டியிடம் போய்ச் சொன்னார். அன்செலோட்டிக்கு முதலில் சந்தேகம்தான். முயன்று பார்த்த பிறகு அணியையே அவரைச் சுற்றிக் கட்டினார். ஒருவருக்கு ஒரு கதவு மூடப்படும்போது இன்னொன்றை அவரே தட்டியதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

‘ரெஜிஸ்தா’ என்கிறார்களே, அது என்ன? தற்காப்பு நடுக்கள வீரர் என்பதும் அதுவும் ஒன்றா?

இல்லை. நிற்கும் இடம் ஒன்று, வேலை வேறு. இத்தாலிய மொழியில் ரெஜிஸ்தா என்றால் இயக்குநர். சினிமா இயக்குநருக்கும் அதே சொல்தான். கதாநாயகன் திரையில் தெரிவான், இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் இருப்பார். ஆட்டத்திலும் அப்படித்தான்.

தற்காப்பு நடுக்கள வீரரின் முதல் கடமை எதிரணியின் தாக்குதலை உடைப்பது. ரெஜிஸ்தாவின் முதல் கடமை தன் அணியின் தாக்குதலைத் தொடங்குவது. மைதானத்தின் முன்பகுதியில் இடம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. பந்தைத் தொட்டவுடன் மேலே இரண்டு பேர் விழுவார்கள். அதே ஆட்டக்காரரை இருபது முப்பது மீட்டர் பின்னால் நிறுத்தினால் மைதானம் முழுவதும் அவர் கண்முன்னே விரிகிறது. எதிரணி அங்கே வந்து அவரை நெருக்க வேண்டுமென்றால் தன் வரிசையிலிருந்து ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவர் விட்டுப்போன இடம் காலியாகும், பிர்லோ பந்தை அங்கேயே போடுவார். அனுப்பாவிட்டால் அவருக்கு நிதானமாகப் பார்த்து ஐம்பது மீட்டர் பாஸ் போட நேரம் கிடைக்கும். எதிரணிக்கு இரண்டுமே நஷ்டக் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவர் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுவார். பந்தை வாங்கும்போது உடல் பாதி திரும்பிய நிலையில் இருக்கும். எனவே அடுத்த பாஸ் எங்கே என்ற முடிவு, பந்து காலில் படும்போதே முடிந்த கதை. பார்ப்பவருக்கு அவர் மெதுவாக ஆடுவது போலத் தோன்றும். முடிவெடுக்கும் வேகத்தில் அவரை மிஞ்சியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓட்டமும் உடல் பலமும் இல்லாதவர் அந்த இடத்தில் எப்படித் தாக்குப்பிடித்தார்?

தனியாகத் தாக்குப்பிடிக்கவில்லை. அவருக்காக ஓட ஆட்கள் இருந்தார்கள். மிலானில் ஒரு பக்கம் கட்டூசோ, மறுபக்கம் சீடோர்ஃப். கட்டூசோ பந்தைப் பறித்து அருகில் இருக்கும் பிர்லோவிடம் கொடுத்துவிடுவார், அதன் பிறகு என்ன செய்வது என்பது பிர்லோவின் பொறுப்பு. குணத்தில் இருவரும் இரு துருவம். ஒருவர் கொதிக்கும் எண்ணெய், இன்னொருவர் கிணற்றுத் தண்ணீர். ஆனாலும் நெருங்கிய நண்பர்கள். பின்னாளில் யுவென்டஸில் விடாலும் மார்க்கீசியோவும், அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த போக்பாவும் அந்த ஓட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அன்செலோட்டியின் மிலான் அமைப்புக்கு இத்தாலியில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர். பின்னால் நால்வர், நடுவில் மூவர், அவர்களுக்கு முன் இருவர், உச்சியில் ஒருவர். மேலே போகப்போகக் குறுகும் மரம். அதன் அடிமரம் பிர்லோ.

மிலானில் என்னென்ன வென்றார்?

2003 மே 28 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் யுவென்டஸை பெனால்டியில் வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக். அதே பருவத்தில் இத்தாலியக் கோப்பை. 2004இலும் 2011இலும் சீரி ஏ. 2007இல் மீண்டும் சாம்பியன்ஸ் லீக், ஆண்டு இறுதியில் யோகோஹாமாவில் போகா ஜூனியர்ஸை 4-2 என வென்று கிளப் உலகக் கோப்பை. பத்துப் பருவங்களில் 401 போட்டிகள், 41 கோல்கள்.

2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் அவருக்கு என்ன ஆனது?

மிலான் ரசிகர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் முகம் மாறிவிடும். முதல் நிமிடத்திலேயே பிர்லோவின் ஃப்ரீ கிக்கை மால்டினி கோலாக்கினார். இடைவேளையில் லிவர்பூலுக்கு எதிராக 3-0. இரண்டாம் பாதியில் ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களும் திரும்பி வந்தன. பெனால்டியில் முதலில் செர்ஜினியோ வெளியே அடித்தார், அடுத்து வந்த பிர்லோவின் உதையை டூடெக் தடுத்தார், கடைசியில் ஷெவ்சென்கோவின் உதையும் தடுக்கப்பட்டது.

அந்த இரவுக்குப் பிறகு கால்பந்தையே விட்டுவிடலாம் என்று நினைத்ததாகத் தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 26. இரண்டு ஆண்டு கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூல். இடைவேளைக்குச் சற்று முன் பிர்லோ அடித்த ஃப்ரீ கிக் இன்சாகியின் உடலில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. மிலான் 2-1 என வென்றது. இஸ்தான்புல் காயம் அதில் முழுவதும் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சில தோல்விகள் அப்படியே தங்கிவிடும்.

2006 உலகக் கோப்பையில் அவர் செய்ததுதான் என்ன? கோப்பை என்றால் இத்தாலியின் தலைவர் கன்னவாரோவையும் பிரான்ஸின் ஜிடேனையும்தானே பேசுகிறார்கள்?

இந்தப் பதில் நீளும்.

ஜெர்மனியில் இத்தாலியின் முதல் போட்டி ஜூன் 12, ஹனோவர், எதிரணி கானா. 40ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து பிர்லோ அடித்த கோல்தான் அந்தத் தொடரில் இத்தாலியின் முதல் கோல். 2-0 வெற்றி, ஆட்டநாயகன் அவரே.

ஜூலை 4, டார்ட்மண்ட், அரையிறுதி. அந்த மைதானத்தில் ஜெர்மனி அதுவரை தோற்றதே இல்லை. தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை, கூடுதல் நேரமும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம், கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. 119ஆவது நிமிடம். கார்னரிலிருந்து சிதறிய பந்து பெட்டியின் விளிம்பில் பிர்லோவிடம் வருகிறது. அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்திருப்பார்கள். பிர்லோ உதைக்கவில்லை. பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு வலப்பக்கம் மெல்ல நகர்கிறார். ஒரு அடி, இன்னொரு அடி. ஜெர்மன் தடுப்பு வீரர்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து நகர்கிறார்கள், இதோ அடிக்கப் போகிறார் என்று காத்திருக்கிறார்கள். அவர் பார்வை ஒரு பக்கம் இருக்க, பந்து இன்னொரு பக்கம், அத்தனை பேருக்கும் நடுவே இருந்த ஒரே இடுக்கு வழியாகக் குரோசோவிடம் போகிறது. குரோசோ இடது காலால் முதல் தொடுதலிலேயே வளைத்து அடிக்கிறார். கோல். அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் டெல் பியரோ இரண்டாவதையும் அடித்தார். குரோசோ தலையை ஆட்டிக்கொண்டே ஓடிய ஓட்டத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன் பிர்லோ காத்திருந்த அந்த நான்கைந்து தொடுதல்களை நினைவில் வையுங்கள் என்பது என் வேண்டுகோள். 119 நிமிடம் ஓடிக் களைத்த காலோடு, உலகக் கோப்பை அரையிறுதியில், ஒரு மனிதர் காத்திருக்கத் தீர்மானித்தார்.

ஜூலை 9, பெர்லின், இறுதிப் போட்டி. ஜிடேனின் பெனால்டியால் பிரான்ஸ் முந்தியது. 19ஆவது நிமிடத்தில் பிர்லோவின் கார்னரை மட்டெராட்சி தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலியின் முதல் உதையை அடிக்க வந்தவர் பிர்லோ. பந்து வலைக்குள். இத்தாலி 5-3 என வென்றது. ஆட்டநாயகன் விருது அவருக்கு. கானா, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்று போட்டிகளிலும் அந்த விருதை வாங்கினார். தொடரின் சிறந்த வீரர்கள் பட்டியலில் ஜிடேன், கன்னவாரோவுக்கு அடுத்து மூன்றாம் இடம் கிடைத்தது. அன்று பிற்பகலை உறங்கியும் பிளேஸ்டேஷன் ஆடியும் கழித்துவிட்டு, மாலையில் போய் உலகக் கோப்பையை வென்றதாக அவர் பின்னர் எழுதினார். அவருடைய நிதானத்துக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மட்டெராட்சி என்றால் சென்னை அணிக்கு வந்த அதே மட்டெராட்சியா?

அவரேதான். 2014இல் சென்னையின் எஃப்சி தொடங்கியபோது ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். பிர்லோவோடு மிலானில் பல ஆண்டுகள் ஆடிய நெஸ்டாவும் அந்த முதல் பருவத்தில் சென்னைக்காக ஆடினார். 2015இல் மட்டெராட்சியின் பயிற்சியில் சென்னை ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. பிர்லோ இங்கே வந்து ஆடியதில்லை. ஆனால் அவர் பெர்லினில் தூக்கிப் போட்ட கார்னரைத் தலையால் முட்டியவர் நேரு விளையாட்டரங்கில் நம் கண்முன்னே நின்றார் என்பது நமக்கு ஒரு சந்தோஷம்.

‘பனென்கா’ பெனால்டி என்றால் என்ன? பிர்லோ அதை எப்போது அடித்தார்?

கோல்கீப்பர் ஒரு பக்கம் பாயும்போது, பந்தை மெதுவாகக் கிள்ளித் தூக்கி வலையின் நடுவில் விழவைப்பது. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாகியாவின் அந்தோனின் பனென்கா மேற்கு ஜெர்மனிக்கு எதிராக அடித்ததால் அந்தப் பெயர். கீப்பர் பாயாமல் நின்றுவிட்டால் அடித்தவருக்குப் பெரிய அவமானம்.

பிர்லோ அடித்தது 2012 ஜூன் 24, கீவ், ஐரோப்பியக் கோப்பை காலிறுதி, எதிரணி இங்கிலாந்து. 120 நிமிடமும் கோல் இல்லை, ஆனால் ஆட்டம் முழுவதும் பிர்லோவின் கையில் இருந்தது. பெனால்டியில் மொன்டோலிவோ தவறவிட, இத்தாலி பின்தங்கியது. கோல் கோட்டில் ஜோ ஹார்ட் நாக்கை நீட்டியும் கைகளை ஆட்டியும் மிரட்டிக்கொண்டிருந்தார். அவர் இவ்வளவு துடிப்பாக இருந்தால் நிச்சயம் பாய்வார் என்று பிர்லோ கணக்குப் போட்டார். ஹார்ட் பாய்ந்தார். பந்து பூப்போல நடுவில் இறங்கியது. அடுத்து ஆஷ்லி யங்கின் உதை மேல் கம்பத்தில் பட்டது, ஆஷ்லி கோலின் உதையை இத்தாலியின் கோல்கீப்பர் பஃபன் பிடித்தார். இத்தாலி வென்றது. ஒரு பெனால்டிக்கு ஒரு கோல் கணக்குதான். ஆனாலும் அந்த ஒரு உதைக்குப் பிறகு யாருடைய கால்கள் நடுங்கின என்று பார்த்தாலே போதும்.

அந்தத் தொடரில் இறுதிவரை போய் ஸ்பெயினிடம் 4-0 எனத் தோற்றார்கள். அப்போது பிர்லோவுக்கு வயது 33.

அவருடைய ஃப்ரீ கிக்கில் அப்படி என்ன விசேஷம்?

பிரேசிலின் ஜூனினோ, பிரான்ஸின் லியோன் கிளப்புக்கு ஆடியவர், பந்தைச் சுழலவிடாமல் அடித்துக் காற்றில் தள்ளாட வைப்பார். அந்த வித்தையைக் கற்க பிர்லோ அவருடைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், பயிற்சியில் நாள் கணக்காக முயன்று தோற்றார். பிறகுதான் பிடிபட்டது. பந்தை முழுப் பாதத்தால் அல்லாமல் மூன்று விரல்களால் மட்டும், அடியிலிருந்து உதைக்க வேண்டும். பந்து சுவரைத் தாண்டி எழும், பிறகு திடீரென இறங்கும்.

சீரி ஏ-வில் நேரடி ஃப்ரீ கிக் கோல்கள் 26 அடித்தார். மிஹாய்லோவிச்சின் 28 என்ற சாதனைக்கு இரண்டு குறைவு. 2014 மார்ச்சில் நான்கு நாள் இடைவெளியில், ஜெனோவாவுக்கு எதிராக 89ஆவது நிமிடத்திலும், ஐரோப்பா லீக்கில் ஃபியோரென்டினாவுக்கு எதிராகவும் அடித்த இரண்டைத் தேடிப் பாருங்கள். இரண்டு போட்டியிலும் விழுந்தது அந்த ஒரே கோல்தான்.

மிலான் அவரை ஏன் விட்டுவிட்டது?

2010-11 பருவத்தில் காயத்தால் பல போட்டிகளில் ஆடவில்லை. பயிற்சியாளர் அலெக்ரி அவருடைய இடத்தில் வான் பொம்மெல் போன்ற உடல் வலுவுள்ளவரை விரும்பினார். முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் மட்டுமே என்பது கிளப்பின் கொள்கை. பிர்லோ அதற்குச் சம்மதிக்கவில்லை. 2011 கோடையில், ஒரு காசு வாங்காமல் மிலான் அவரை அனுப்பியது.

யுவென்டஸ் அப்போது தொடர்ந்து இரண்டு பருவம் ஏழாம் இடத்தில் முடித்த அணி. புதிய பயிற்சியாளர் கோன்டே, புதிய மைதானம். அந்த மைதானத்தின் முதல் லீக் போட்டியில், பார்மாவுக்கு எதிராக, தடுப்பு வரிசைக்கு மேலே பிர்லோ தூக்கிப் போட்ட பந்தை லிக்ஸ்டைனர் முதல் கோலாக்கினார். அந்தப் பருவத்தில் 38 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் யுவென்டஸ் பட்டம் வென்றது. 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டும் பட்டம். 2012, 2013, 2014 என மூன்று ஆண்டும் சீரி ஏ-வின் சிறந்த வீரர் விருது பிர்லோவுக்கு. 32 வயதுக்காரர் முடிந்துபோனவர் என்று கணக்குப் போட்டது மிலானின் பெரிய தவறு. இதை மிலான் ரசிகனாகவே சொல்கிறேன்.

யுவென்டஸுக்காக அவருடைய கடைசிப் போட்டி 2015 ஜூன் 6, பெர்லின், சாம்பியன்ஸ் லீக் இறுதி. பார்சிலோனாவிடம் 3-1 தோல்வி. ஒன்பது ஆண்டுக்கு முன் உலகக் கோப்பையை ஏந்திய அதே மைதானத்தில் அழுதுகொண்டு நின்றார்.

அவரை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லையா?

முடிந்தது. 2010இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களில், தென் கொரியாவின் பார்க் ஜி-சுங்குக்கு யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஒரே வேலைதான் கொடுத்தார். பிர்லோவை விட்டு நகராதே. பார்க் நிழலாக ஒட்டிக்கொண்டார். முதல் ஆட்டம் 3-2, இரண்டாவது 4-0 என யுனைடெட் வென்றது. இயக்குநரை அறையிலேயே பூட்டிவைத்தால் படப்பிடிப்பு நடக்காது என்பதை அன்று பார்த்தோம். பார்க்கின் சளைக்காத ஓட்டத்தைப் பற்றிப் பின்னாளில் பிர்லோவே எழுதியிருக்கிறார்.

ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பலோன் தோர் விருதை வென்றிருக்கிறாரா?

இல்லை. முதல் மூன்று இடங்களுக்குள்கூட வந்ததில்லை. கோல் அடிப்பவர்களுக்கே அந்த விருதில் முன்னுரிமை. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஜெர்சி எண் 21 ஏன்?

மிலானிலும் யுவென்டஸிலும் இத்தாலி அணியிலும் அவர் முதுகில் இருந்த எண் அது. சீரி ஏ-வில் முதல் முறை இறங்கியது மே 21. ஓய்வுக்குப் பிறகு சான் சிரோவில் பழைய தோழர்களோடு ஆடிய பிரியாவிடைப் போட்டியும் 2018 மே 21.

நியூயார்க் காலம் எப்படி?

2015இல் டேவிட் வியா, லாம்பார்ட் ஆகியோர் இருந்த நியூயார்க் சிட்டிக்குப் போனார். அங்கே ஆட்டம் ஓட்டத்தை அதிகம் கேட்டது, அவர் கால்கள் தேய்ந்திருந்தன. 2016 ஐரோப்பியக் கோப்பைக்கான இத்தாலி அணியிலும் கோன்டே அவரைச் சேர்க்கவில்லை. 2017 நவம்பரில் ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளராக ஏன் பெரிதாக வரவில்லை?

2020 ஜூலை இறுதியில் யுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமிக்கப்பட்டார். பத்து நாள்கூட ஆகவில்லை, முதல் அணியின் பயிற்சியாளர் மௌரிட்சியோ சாரி நீக்கப்பட்டார், அந்த அணியே இவர் கையில் வந்தது. ஒரு போட்டிக்குக்கூடப் பயிற்சி அளித்திராதவர். இத்தாலிய சூப்பர் கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் வென்றார். ஆனால் ஒன்பது ஆண்டு தொடர்ந்து லீக் வென்ற அணி நான்காம் இடத்தில் முடித்தது, சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோவிடம் வெளியேறியது. 2021 மே மாதம் பதவி போனது. பட்டத்தை வென்றது, அவருடைய பழைய பயிற்சியாளர் கோன்டேயின் இன்டர்.

பிறகு இஸ்தான்புல்லின் ஃபாத்தி கராகும்ருக், அடுத்து இத்தாலியின் இரண்டாம் பிரிவில் சம்ப்தோரியா. அங்கிருந்து 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். முதல் ஆண்டை வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. மைதானத்தில் தனக்கான இடத்தைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஆறு ஆண்டு ஆனது.

அவருடைய ஆட்டத்தை இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது?

கோல் தொகுப்பு வீடியோக்களிலிருந்து தொடங்காதீர்கள், அதில் அவர் பாதிதான் இருப்பார். 2006 ஜெர்மனி அரையிறுதியை முழுவதுமாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு 21ஆம் எண்ணை மட்டும் பின்தொடருங்கள். எங்கே நிற்கிறார், எத்தனை முறை தலையைத் திருப்புகிறார், பந்து வரும்போது எந்தப் பக்கம் உடலைத் திறந்துவைக்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். அதற்கடுத்து 2012 இங்கிலாந்து காலிறுதி. மூன்றாவதாக, நேரம் இருந்தால், 2001 ஏப்ரலில் பாஜியோவுக்குப் போட்ட அந்தப் பந்து. 21 வயதுப் பையன், ஆடத் தொடங்கிச் சில வாரமே ஆன புதிய இடத்திலிருந்து போட்டது.